ஆடியில் கிளம்பிய கப்பல்கள்

“மதினி, ரோம்காரன் இன்னைக்கு என்ன அட்டூழியம் பண்ணிருக்கான்?”

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பகவதி இதைக் கேட்டுவிடுவாள். தென்காசியில் அடுத்த தெருவில் அவளுக்குத் தையல் கடை. கடை திறக்கப் போகும் வழியில் அண்ணன் வீட்டில் ஒரு காபி, அண்ணன் ஆடும் விளையாட்டைப் பற்றி ஒரு விசாரணை. மூன்று வருஷமாக இதுதான் வழக்கம்.

“ஒரு கழுதைய ஆளுநரா போட்டிருக்காக,” என்றாள் காந்திமதி, காபியை ஆற்றிக்கொண்டே.

“எது?”

“கழுதை. நாலு கால், ரெண்டு காது. அலெக்சாந்திரியாவுக்கு நேத்து வரைக்கும் நல்ல ஆளு ஒருத்தன் இருந்தான். அவனைத் தூக்கிட்டு, பாரம் சுமக்குத கழுதைக்குப் பட்டம் கட்டியாச்சு. விளையாட்டுல அதுக்கும் ஒரு வழி இருக்கும்போல.”

“எங்கண்ணனுக்கு ஆளு தேர்ந்தெடுக்கத் தெரியாதுன்னு எங்கம்மா அப்பவே சொல்லும்.”

“என்னையும் சேத்தா?”

“உங்களத் தேர்ந்தெடுத்தது எங்கம்மால்லா.”

இருவரும் சிரித்தார்கள். காந்திமதியின் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது.

விளையாட்டின் பெயர் ‘ஏழு குன்று’. ரோமாபுரிப் படைகள் வடக்கே குளிர்ந்த காடுகளுக்குள் போய்த் தேய்ந்து போகாமல், எகிப்தைப் பிடித்த கையோடு கிழக்குக் கடலில் இறங்கியிருந்தால் உலகம் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் ஆட்டம். ஒருவர் ரோம். இன்னொருவர் அந்தக் கடலின் மறுகரையில், மிளகு மணக்கும் முசிறி. ஒரு நாளைக்கு ஒரு மாதம் நகரும். குற்றாலநாதன் ரோம், அவர் மனைவி காந்திமதி முசிறி. இருபத்திரண்டு வருஷமாக ரோமால் முசிறியைப் பிடிக்க முடியவில்லை. முசிறி ரோமை விட்டுவிடவும் இல்லை.

கடைசி நாலு வருஷமாக ரோம் சனிக் கிரகத்துக்கு அப்பால் இருந்துகொண்டு ஆடுகிறது. குற்றாலநாதன் குழாய் பற்றவைப்பவர். விண்வெளியில் கட்டிக்கொண்டிருக்கும் எரிபொருள் நிலையம் ஒன்றுக்கு அவரை ஏற்றிப் போனார்கள். “அண்ணனுக்கு ஏழரைச் சனின்னு ஜோசியர் சொன்னாரு. ஆளு சனியவே தாண்டிப் போயிட்டாரு, இனி அது எங்க பிடிக்கும்?” என்று பகவதி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அங்கிருந்து ஒரு சொல் இங்கே வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும். இங்கிருந்து போகவும் அவ்வளவு நேரம்.

“கழுதையோட நின்னா பரவாயில்லட்டி,” என்றாள் காந்திமதி. “போன வாரம் பாலைவனத்துல ஒரு படை முழுசையும் தெப்பக்குளம் வெட்ட விட்டாக. அதுக்கு முந்தி, கட்டி முடிச்ச அறுபது கப்பலக் கரையிலயே வச்சுக் கொளுத்துனாக. சண்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்கு அவுக புத்தி பேதலிச்சுப் போச்சோன்னு பயமா இருக்கு.”

“நீங்க என்ன செஞ்சீய?”

“என்ன செய்ய? படை பட்டினி கெடக்குமேன்னு நெல்லு ஏத்தி அனுப்பினேன். கப்பல் கட்ட மரம் அனுப்பினேன்.”

“எதிரிக்கா?”

“எதிரின்னா பட்டினியா போடணும்?”

பகவதி அவளை ஒரு மாதிரி பார்த்தாள். “அந்தக் கம்பெனிப் பொண்ணு இன்னைக்கு வாரான்னு சொன்னீயள்லா? அவகிட்டயே கேட்டுருங்க. எங்கண்ணன் சரியாத்தான் இருக்காரா, இல்ல மூளையில குழா கிழா ஒடஞ்சிருக்கான்னு.”

அன்று ஆடி பதினாறு. ஜன்னலுக்கு வெளியே செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று சாரலைத் தூக்கிக்கொண்டு வந்து தெருவில் இறைத்துக்கொண்டிருந்தது. காந்திமதிக்கு அந்தக் காற்றுதான் சோறு போடுகிறது. சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளுக்கு அவள் முன்கணிப்பாளர். நாளைக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு காற்று, எவ்வளவு மின்சாரம் என்று காலை எட்டு மணிக்குள் ஒரு கோடு போட்டு அனுப்ப வேண்டும். மறுநாள் உண்மையான காற்று இன்னொரு கோடு போடும். இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று படுத்துக்கொண்டால் அவளுக்குப் பாராட்டு. பதினெட்டு வருஷத்தில் அவளுடைய கோடுகள் பெரும்பாலும் படுத்துக்கொண்டன. வீட்டிலும் அவள் அப்படித்தான். கணவருக்கு வேலை உத்தரவு வந்த அன்று, “போகட்டுமா காந்தி?” என்று அவர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஒரே பதில். “போறதுன்னா போங்க. நான் என்ன பிடிச்சா வச்சிருக்கேன்?”

பிள்ளை இல்லாத வீடு. அவர் போன பிறகு, சத்தம் போடுவதற்குக் காற்று மட்டும்தான் இருந்தது.

*

நிறுவனத்தின் குடும்பத் தொடர்பு அலுவலகத்திலிருந்து வந்த பெண்ணின் பெயர் ரூபி. நாகர்கோவில்காரி. குடையை வாசலில் சாய்த்துவிட்டு, கொடுத்த முறுக்கை மறுக்காமல் வாங்கிக்கொண்டாள். விஷயத்துக்கு உடனே வரவில்லை. அதிலிருந்தே காந்திமதிக்குப் புரிந்துவிட்டது, நல்ல சேதி இல்லை என்று.

“அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு அடுத்த கட்ட வேலைக்கு அழைப்பு போயிருக்கு. நிலையம் இன்னும் வெளிய நகருது. ஏழு வருஷம்.”

“ஏழா?”

“ஆமாக்கா. இல்லன்னா இந்தத் தடவை திரும்புத கப்பல்ல ஏறிடலாம். ரெண்டுல ஒண்ணுன்னு அவர் கையெழுத்துப் போடணும். நாளைக்குப் பகல் பன்னிரண்டு மணி கடைசி. உங்க சம்மதம் கேக்க வரல. குடும்பத்துக்குத் தெரியப்படுத்தணும்னு விதி, அதுக்குத்தான்.”

“அவுக என்ன செய்யப்போறாகன்னு சொன்னாகளா?”

“போற பக்கம்தான் சாயுறாருன்னு கேள்வி.”

காந்திமதி முறுக்குத் தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். அது நகர வேண்டிய அவசியமே இல்லை.

“அவுக உடம்புக்கு, மனசுக்கு ஏதாவது…? விளையாட்டுல கிறுக்குத்தனமா செய்யுதாக. முந்தியெல்லாம் அப்படி இல்ல.”

ரூபி தன் கணினிப் பலகையைத் திறந்தாள். “‘ஏழு குன்று’தானே? ஒருநிமிஷம். பதிலாள் ஓடுதில்ல அதுல?”

பதிலாள் என்பது நிறுவனம் கொடுத்த வசதி. இரண்டு மணி நேரம் காத்திருந்தால் விளையாட்டில் உயிர் இருக்காது. அதனால் எதிரில் இருப்பவர் என்ன செய்வார் என்று பதிலாள் ஊகித்து, உடனே காட்டிவிடும். காந்திமதி கப்பலை நகர்த்தினால் அந்தக் கணமே ரோமும் நகரும். உண்மையான குற்றாலநாதன் செய்தது பின்னால் வந்து சேரும்போது, அது பதிலாள் சொன்னதேபோல இருந்தால் திரையில் ஒன்றும் நடக்காது. வேறாக இருந்தால் மட்டும் திரை ஒரு தடவை நடுங்கும். உலகம் பின்னால் போய், அவர் செய்தபடி மறுபடி முன்னால் வரும். அதற்குத் திருத்தம் என்று பெயர். மாதத்துக்கு ஒரு தடவை பேசக் கிடைக்கும் தொலைபேசியிலும் இதே ஏற்பாடுதான். குரல்கூட அவர் குரல்தான்.

“ஆமா, ஓடுது. முதல் வருஷம் திருத்தமே வராது. அவுகள அப்படியே படிச்சு வச்சிருந்துச்சு. இப்பதான் அடிக்கடி நடுங்குது. கழுதை, குளம்னு,” என்றாள் காந்திமதி. கொஞ்சம் தயங்கி, “சொல்லப்போனா அந்த நடுக்கத்துக்காகத்தான் நான் ஒக்காந்திருக்கேன். அது மட்டும்தானே அவுக,” என்றாள்.

ரூபி நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள். “உங்களுக்கு இங்க வந்த திருத்தம், இந்த நாலு வருஷத்துல நாப்பத்தொண்ணு.”

“இருக்கும்.”

“இங்கேருந்து அவருக்குப் போன திருத்தம்…” ரூபியின் விரல் நின்றது. “ஒண்ணும் இல்லக்கா.”

“ஒண்ணும் இல்லன்னா?”

“பூஜ்யம். அங்க அவருக்கு உங்க பதிலாள் ஆடிக் காட்டும் இல்லையா? அது என்ன சொல்லுச்சோ, அதையேதான் நீங்களும் செஞ்சிருக்கீங்க. ஒவ்வொரு நாளும். ஒரு கப்பல், ஒரு மூட்டை நெல்லு வித்தியாசம் இல்ல. நான் இப்படிப் பாத்ததே இல்ல.”

காந்திமதிக்கு முதலில் வந்தது பெருமைதான். பதினெட்டு வருஷப் பழக்கம். இரண்டு கோடு, ஒன்றன்மேல் ஒன்று. அப்புறம்தான் பலகையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

“அப்ப அவுக திரை…”

“ஒரு தடவகூட நடுங்கியிருக்காது.”

“அவுகளுக்கு நான் இருக்கேன்னு எப்படித் தெரியும்?”

ரூபி பலகையைக் கவிழ்த்து வைத்தாள். தெருவில் யாரோ காற்றில் பறந்த பிளாஸ்டிக் வாளியைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். சத்தம் போய்த் தேய்ந்தது.

“இதை நான் சொல்லக் கூடாது,” என்றாள் ரூபி. “ரெண்டு மாசம் முன்னாடி அவர்கிட்டயிருந்து எங்களுக்கு ஒரு கேள்வி வந்துச்சு. ‘என் மனைவி உண்மையிலேயே ஆடுகிறாளா, அல்லது பதிலாள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறதா?’ அப்படின்னு.”

“நீங்க என்ன எழுதுனீய?”

“ஒருத்தர் கணக்க இன்னொருத்தருக்குச் சொல்ல விதி இல்லைன்னு.” ரூபி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நான்கூட எழுதலக்கா. எங்க அலுவலகத்துக்கும் பதிலாள் உண்டு. அதுவே எழுதி அனுப்பிருச்சு.”

“இப்ப சொல்லுங்களேன் அவுககிட்ட! நான் இருக்கேன்னு. வரச்சொன்னேன்னு.”

“போன மாசம் பேசுனப்ப நீங்க ‘வந்துருங்க’ன்னு சொன்னீங்களாக்கா?”

“சொன்னேன். மெதுவாத்தான் சொன்னேன்.”

“அது அவர் காதுல விழுறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே உங்க பதிலாள் அதையே சொல்லிருச்சு. மெதுவாத்தான் சொல்லிருக்கும். நீங்க நல்லவங்கன்னு அதுக்குத் தெரியும்க்கா. நல்லவங்க சொல்றத எல்லாம் அதால ஊகிக்க முடியும். அதனால நீங்க சொன்னதும் அது சொன்னதும் அவருக்கு ஒண்ணுதான்.”

கழுதை, தெப்பக்குளம், கரையிலேயே எரிந்த அறுபது கப்பல். காந்திமதிக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. புத்தி பேதலித்தவர் செய்வது அல்ல அது. பூட்டிய வீட்டு முன்னால் நின்று கதவைத் தட்டுகிறவர் செய்வது. கல்லெடுத்துக்கூட எறிந்து பார்த்திருக்கிறார். உள்ளே இருந்தவள் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு மூட்டை நெல் அனுப்பினாள்.

“அடுத்த பேச்சு எப்ப?”

“பதினஞ்சாந்தேதி. கையெழுத்து நாளைக்கு.” ரூபி எழுந்தாள். “நாளைக்கு ஆட்டம் ஒண்ணு இருக்கில்லக்கா. அது போகும். காலையில பத்து மணிக்குள்ள அனுப்பிருங்க. பன்னிரண்டுக்கு முன்னாடி கெடச்சிரும்.” வாசலில் குடையை விரித்தவள் திரும்பினாள். “விளையாட்டோட அமைப்புகளுக்குள்ள போனா ‘என் பதிலாள்’னு ஒரு பக்கம் இருக்கும். நீங்க நாளைக்கு என்ன செய்வீங்கன்னு அது என்ன நினைக்குதுன்னு பாத்துக்கலாம். யாரும் பாக்க மாட்டாங்க. நம்மள நாமே எதுக்குப் பாக்கப்போறோம்?”

*

சாயங்காலம் பகவதி கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“இதுக்கா முழிக்கீய? எங்கண்ணனப் போட்டு அடிங்க மதினி. ரோமாபுரிய ஒரே அடி. அலெக்சாந்திரியாவுல கழுதைதான இருக்கு, எதுத்தா நிக்கப்போவுது?”

காந்திமதி அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள். ஒரு பட்டியல். முசிறி அரசி நாளை என்ன செய்யக்கூடும், எதற்கு எவ்வளவு வாய்ப்பு.

“படையெடுத்தா… நூத்துக்கு ரெண்டுன்னு போட்டிருக்கு.”

“அப்ப அதையே செய்யுங்க.”

“ரெண்டுன்னா, அதையும் அது நெனச்சுப் பாத்திருக்குன்னு அர்த்தம்லா. திரை நடுங்கினாலும், பதிலாள் ஒரு நாள் முரண்டு பிடிக்குதுன்னுதான் அவுக நெனைப்பாக. கழுதையப் பாத்துக் கத்துக்கிட்டுச்சுன்னு.”

“நெல்லு அனுப்பாம இருந்தா?”

“நாலு.”

“துறைமுகத்தக் கொளுத்துனா?”

“ஒண்ணு. பாரு, உன்னைப்போல ஒருத்தி பக்கத்துல இருக்கான்னுகூட அதுக்குத் தெரிஞ்சிருக்கு.”

“வெளங்காத சனியன்,” என்றாள் பகவதி. அது பதிலாளையா கிரகத்தையா என்று தெரியவில்லை.

பட்டியலின் அடியில் ஒரு வரி தனியாக இருந்தது. காந்திமதி அதை இரண்டு தடவை படித்தாள்.

“ஏட்டி, நாளைக்கு என்ன மாசம்?”

“ஆடிதான். ஆடி பதினேழு.”

“அது இங்க. விளையாட்டுல?”

பகவதிக்கு அது தெரியாது. காந்திமதிக்குத் தெரியும். ரோமானியக் கணக்கில் அதற்கு வேறு பெயர், ஆனால் அவர்கள் இருவருக்கும் அது ஆடிதான். நாளைக்கு அங்கேயும் ஆடி பிறக்கிறது.

“கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பாது. நூத்துக்கு நூறு,” என்று படித்தாள். “நூறு! எங்க வேலையில நூறுன்னு ஒருநாளும் போட மாட்டோம்ட்டி. மேகமே இல்லாத பங்குனியிலகூட தொண்ணூத்தெட்டுதான் போடுவோம்.”

“அதென்ன, ஆடியில மட்டும் கிளம்பாது?”

“நான் போட்ட விதி.”

காந்திமதிக்குக் கல்யாணமான வருஷம் பகவதிக்குப் பதினைந்து வயது. கல்யாணம் வைகாசியில். ஆடி பிறந்ததும் காந்திமதியை அம்பாசமுத்திரத்தில் அம்மா வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். புதுப்பெண் ஆடியில் புருஷன் வீட்டில் இருக்கக் கூடாது, பார்க்கவும் கூடாது. இரண்டாம் நாள் அவளுடைய கைப்பேசிக்கு ஒரு அழைப்பு வந்தது. பேச்சு இல்லை, விளையாட்டு. ‘ரோம் உங்களைப் போருக்கு அழைக்கிறது.’ அவள் ஏற்றுக்கொண்ட மறுநிமிஷம் ரோமின் கப்பல்கள் செங்கடலில் இருந்து கிளம்பிவிட்டன. ஆடி மாதத்து மேல்காற்று அந்தக் கடலில் எகிப்திலிருந்து முசிறிக்குத் தள்ளும் காற்று. ரோமுக்கு அந்த ஒரு மாதம்தான் வாசல். அவள் எழுதினாள்: ‘அம்மா வீட்டுக்கு வந்திருக்கேன். இங்கயும் சண்டைக்கு வருவீயளோ? ஆடியில ஒரு கப்பலும் கிளம்பப்படாது.’ பிறகு ரோமின் கப்பல்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின.

அன்றிலிருந்து இருபத்திரண்டு வருஷம். ஒவ்வொரு ஆட்ட ஆடியிலும் இரண்டு கரையும் சும்மா இருக்கும். அதனால்தான் ரோமால் முசிறியைப் பிடிக்கவே முடியவில்லை. வெல்லக்கூடிய ஒரே காற்றை அவர் ஒரு சொல்லுக்காக விட்டுக்கொடுத்துக்கொண்டே இருந்தார்.

“அந்த வருஷம் ஆடிப் பதினெட்டுக்கு அண்ணன் அம்பாசமுத்திரத்துக்கு ஓடிப் போனதுதான எல்லாருக்கும் தெரியும்,” என்றாள் பகவதி. “எங்கம்மாகிட்ட கடைக்குப் போறேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிருச்சு.”

“வாசல்ல நின்னாக. நனைஞ்சு போயி. கையில ஒண்ணும் இல்ல. பூ இல்ல, பழம் இல்ல. எங்கப்பா, ‘மாப்பிள்ளை, ஆடியில வந்ததும் இல்லாம வெறுங்கையோடயா வந்தீய?’ன்னு கேட்டாக.”

“அண்ணன் என்ன சொல்லிச்சு?”

“‘கூட்டிட்டுப் போக வந்தேன். கையில எதையாவது வச்சிருந்தா எப்படிக் கூட்டிட்டுப் போக?’ன்னாக.”

பகவதி சிரித்தாள். காந்திமதி அந்த நூறைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நாளைக்குக் கப்பல் விடப்போறேன்ட்டி.”

“எங்க?”

“மேக்கே. ரோமுக்கு.”

பகவதிக்குக் கடல் தெரியாது, காற்று தெரியும். தென்காசியில் காற்று தெரியாத ஆள் கிடையாது. “காத்து இங்கிட்டு வருது. கப்பல் எதுத்துப் போகுமா? எல்லாம் முங்கிரும் மதினி.”

“முங்கும்.”

“இருபத்திரண்டு வருஷமா சேத்தது.”

“ஆமா.”

*

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆட்டத்தின் ஆடி பிறந்தது. நூற்றிருபது கப்பல்களையும் வரிசையில் நிறுத்தி, திசை மேற்கு என்று வைத்துவிட்டு, காந்திமதி பொத்தானுக்கு மேல் விரலை வைத்தாள். அழுத்தவில்லை.

ஆறரை. அவள் எழுந்து வாசலுக்குப் போய்த் திரும்பி வந்தாள். நெஞ்சுக்குள் யாரோ, நீ போட்ட விதி, நீயே போட்ட விதி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடலில் விடுவது கப்பலைத்தானா என்றும் இருந்தது. அவள் வாழ்க்கையில் தெரிந்தே ஒரு தப்பான கோடு போட்டதில்லை. ஏழு மணி. ஏழு பத்து. விரல் அங்கேயே இருந்தது. எட்டு மணிக்குக் காற்றாலைக் கோட்டை அனுப்ப வேண்டும், அதை அனுப்பினாள். எட்டேகாலுக்குப் பகவதி வந்தாள்.

“விட்டாச்சா?”

“இல்ல.”

“என்ன மதினி நீங்க? அண்ணன் போகும்போதும் இப்படித்தான் நின்னீய. அடுப்படி வாசல்ல, கரண்டியப் பிடிச்சுக்கிட்டு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லிருந்தா அது போயிருக்குமா?”

இதுவரை இதை யாரும் அவளிடம் சொன்னதில்லை. காந்திமதி நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். பகவதி பார்வையை விலக்கிக்கொள்ளவில்லை.

எட்டரை மணிக்கு அவள் பொத்தானை அழுத்தினாள்.

முசிறியின் நூற்றிருபது கப்பல்களும் ஆடிக் காற்றின் முகத்தில் கிளம்பின. உடனே பதிலாள் ரோமின் ஆட்டத்தைக் காட்டியது. ‘ரோம்: இந்த மாதம் நகர்வு இல்லை.’ ஆமாம், அவர் வாக்குத் தவறாதவர். கப்பல்கள் சரிந்தன. நாற்பது போயின. பாய்மரம் முறியும் சத்தத்தைக்கூட விளையாட்டைச் செய்தவர்கள் விட்டுவைக்கவில்லை. எண்பது போயின. பகவதி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். கடைசியில் நடுக்கடலில் மூன்று மிஞ்சின. எங்கும் போய்ச் சேர முடியாத மூன்று.

“இனி?” என்றாள் பகவதி.

“பத்தரைக்கு அவுகளுக்குக் கெடைக்கும். திரை நடுங்கும். அவுக பாத்துட்டு ஏதாவது சொன்னா, நமக்குப் பன்னிரண்டரைக்குத் தெரியும். அதுக்குள்ள கையெழுத்து முடிஞ்சிருக்கும்.”

“அது வரைக்கும்?”

“ஒக்காந்திருக்கணும்.”

உட்கார்ந்திருந்தார்கள். பகவதி கொண்டுவந்திருந்த ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்க ஆரம்பித்தாள். அன்றைய காற்று காந்திமதி போட்ட கோட்டைவிடக் கொஞ்சம் பலமாகவே இருந்தது; ஜன்னல் கொண்டி தடதடத்தது.

ஒன்பது பத்துக்குத் திரை நடுங்கியது.

“மதினி!” ஊசி பகவதியின் விரலில் ஏறிவிட்டது. “பத்தரைன்னீய? இப்பவே எப்படி?”

காந்திமதிக்கும் புரியவில்லை. கடல் பின்னால் போனது. மூழ்கிய கப்பல்கள் ஒவ்வொன்றாக எழுந்து, பாய் விரித்து, முசிறித் துறைக்குள் போய் நின்றன. ஆடி மறுபடி பிறந்தது. இப்போது திரையின் மேற்குக் கோடியில், பதிலாள் ஒன்றுமே இல்லை என்று சொன்ன இடத்தில், செங்கடலின் வாயில் வெள்ளை வெள்ளையாக ஏதோ வந்தது.

“ரோம்தான்,” என்றாள் காந்திமதி. “ரோமாபுரிக் கப்பல்.”

“ஆடியிலயா?”

“ஆடியில.”

எல்லாக் கப்பலும். மிச்சம் வைக்காமல் எல்லாம். காற்று பின்னால் நின்று தள்ள, கிழக்கே, முசிறியை நோக்கி. அவள் முதல் கப்பலைத் தொட்டாள். உள்ளே என்ன ஏற்றியிருக்கிறார் என்று பட்டியல் விரிந்தது. வீரர்: இல்லை. ஆயுதம்: இல்லை. சரக்கு: இல்லை. அடுத்த கப்பலைத் தொட்டாள். இல்லை, இல்லை, இல்லை. அதற்கடுத்தது.

“என்ன மதினி? என்ன போட்டிருக்கு?”

“ஒண்ணும் இல்லட்டி. எல்லாம் வெறுங்கப்பல்.”

பகவதி குனிந்து திரையைப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள். “வெறுங்கையோட வந்திருக்கு.”

திரையின் கிழக்கில் முசிறிக் கப்பல்களும் மறுபடி கிளம்பின. மறுபடி சரிந்தன, மறுபடி மூழ்கின. ஆனால் நடுக்கடலில் மிஞ்சிய மூன்றையும் நோக்கி, காற்றோடு காற்றாக, வெள்ளைப் பாய்கள் வந்துகொண்டிருந்தன.

“நம்ம கப்பலப் பாத்துட்டுத்தான் கிளம்பிச்சா அண்ணன்?”

“பாக்கலையே.” காந்திமதியின் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. “ஒம்பது பத்துக்கு இங்க வந்துச்சுன்னா, அங்க அவுக ஏழு பத்துக்கு விட்டிருக்காக. நாம அப்ப விடவே இல்ல. நான் இந்தா, இந்த நாக்காலியில, விரல வச்சுக்கிட்டு…” அவள் பொத்தானைத் தொட்டுக் காட்டினாள்.

ஏழு பத்து. அந்தப் பக்கம் அவருக்கு யாரும் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வாக்கை உடைத்துக்கொண்டு கிளம்பியவர், கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் இருப்பதே தெரியாமல் கிளம்பியிருக்கிறார். இப்போதும் அவருக்குத் தெரியாது. இந்த நேரம் அவர் திரையில் பதிலாள் காட்டும் முசிறி, நூற்றுக்கு நூறு, ஆடியில் அசையாத முசிறி.

“அப்ப அண்ணன் திரும்பி வருதுன்னு அர்த்தமா? இல்ல, எல்லாத்தையும் விட்டுட்டுப் போறேன்னு அர்த்தமா?”

“பத்தரைக்கு அவுகளுக்கே தெரியும்.”

பகவதி கடை திறக்கப் போகவில்லை. கொக்கியும் தைக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பத்து மணிக்குச் சாரல் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. காந்திமதி எழுந்து சாத்தவில்லை. அந்தக் காற்று அந்தப் பக்கத்துக் கடலைத் தாண்டி, கணவாயில் நுழைந்து வருகிற காற்று, வரட்டும் என்று விட்டுவிட்டாள்.

பத்து இருபத்தொன்பதுக்கு அவள் மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“என்ன மதினி செய்யுதீய?”

“இப்ப அங்க நடுங்கும்ட்டி,” என்றாள் காந்திமதி. “அவுகளுக்கு இது மொதத் தடவ.”